சஃபாரியில் மதியச் சாப்பாடு: கட்டுச்சோறா, லாட்ஜுக்குத் திரும்புவதா?

நொய்யல்கரை (கோவை), ஜனவரி 4

எல்லோருக்கும் வணக்கம். பிப்ரவரி நடுவில் தான்சானியா கிளம்புகிறோம். நான், கணவர், ஒன்பது வயது மகள், 67 வயது அம்மா. தரங்கிரேயில் ஒரு நாள், ங்கோரோங்கோரோ பள்ளத்தில் ஒரு நாள், அப்புறம் ந்துட்டுவும் செரெங்கெட்டியுமாக நான்கு நாள்.

பயண ஏற்பாட்டாளர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். தினமும் மதியத்துக்குப் பெட்டியில் கட்டிக் கொடுக்கட்டுமா, இல்லை லாட்ஜுக்குத் திரும்பி வந்து சூடாகச் சாப்பிடுகிறீர்களா என்று. கணவருக்குப் பெட்டிதான் பிடித்திருக்கிறது. அம்மா சுத்த சைவம், மதியம் ஒரு பிடி சோறாவது வேண்டும். சிங்கம் திரியும் இடத்தில் கீழே இறங்கி உட்கார்ந்து சாப்பிடுவதா என்ற பயமும் அவர்களுக்கு இருக்கிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

நைரோபிவாசி, ஜனவரி 4

கட்டுச்சோறுதான். யோசிக்கவே வேண்டாம்.

செரெங்கெட்டி 14,763 சதுர கிலோமீட்டர். காலையில் எதையாவது பின்தொடர்ந்து மண் சாலையில் வெகுதூரம் போய்விட்டால், சாப்பாட்டுக்காகத் திரும்பி வந்து மறுபடி போவதிலேயே அரை நாள் ஓடிவிடும். மதியத்தில் விலங்குகள் படுத்துவிடும், ஒன்றும் தெரியாது என்பார்கள். சிங்கம் படுத்திருக்கும், வாஸ்தவம். ஆனால் யானைகள் பெரும்பாலும் வெயில் ஏறிய பிறகே தண்ணீருக்கு வரும். சிவிங்கிப்புலி (சீட்டா) பகலில் வேட்டையாடுகிற விலங்கு. கையில் டப்பாவோடு வெளியில் இருப்பவருக்குத்தான் இதெல்லாம் கிடைக்கும்.

நான் நைரோபிக்கு வந்து 11 வருடம் ஆகிறது. ஊரை ஒட்டியே ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. 1946இல் தொடங்கியது, பரப்பு 117 சதுர கிலோமீட்டர். மாதத்தில் ஒரு ஞாயிறாவது புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு அங்கே போய்விடுவோம். நாங்கள் வழக்கமாக உட்காருவது தந்தம் எரித்த இடத்தில். 1989இல் அன்றைய அதிபர் டேனியல் அரப் மோய் திருட்டு வேட்டையில் பிடிபட்ட 12 டன் யானைத் தந்தத்தைக் கொளுத்தினாரே, அந்த இடம். 2016இல் 105 டன் எரித்ததும் அங்கேதான். சாம்பல் மேடு அப்படியே இருக்கிறது. பக்கத்திலேயே மேசையும் பெஞ்சும் போட்டிருக்கிறார்கள். முதல் தடவை அங்கே டப்பாவைத் திறந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சாம்பல் என்னவென்று மகனுக்குச் சொன்னேன். கையில் உருண்டையை வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது வளர்ந்துவிட்டான். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப்போகிறான்.

அம்மாவின் பயத்துக்கு: நினைத்த இடத்தில் யாரும் இறங்க மாட்டார்கள். தேசியப் பூங்காக்களில் குறித்து வைத்த இடத்தில் மட்டும்தான் இறங்கலாம். கென்யாவின் மசாய் மாரா போன்ற காப்பகங்களில் வழிகாட்டி ஒரு தனி மரமாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். அவர் செய்வதைக் கவனித்துப் பாருங்கள். வண்டியில் இருந்தபடியே மரத்தை ஒரு சுற்றுச் சுற்றுவார். கிளைகளை நிமிர்ந்து பார்ப்பார், சிறுத்தை படுத்திருக்கும் என்பதால். புல் எவ்வளவு உயரம் என்று பார்ப்பார். பக்கத்தில் புதர் இருந்தால் வேறு மரம். இவ்வளவும் முடித்துத் தான் முதலில் இறங்கிய பிறகுதான் நமக்குக் கதவைத் திறப்பார்.

வெண்கலக்கிண்ணி (மதுரை), ஜனவரி 5

நைரோபி அண்ணா சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெட்டியில் என்ன இருக்கும் என்பதையும் சொல்லிவிடவேண்டும். பெரும்பாலும் ஒரு சாண்ட்விச், பொரித்த கோழிக்கால், அவித்த முட்டை, வாழைப்பழம், மஃபின், பெட்டி ஜூஸ், ஒரு சாக்லேட். ஆறு நாளும் கிட்டத்தட்ட இதேதான். மூன்றாம் நாள் பெட்டியைத் திறக்கவே மனம் வராது.

இன்னொன்று, காலை ஐந்து மணிக்குக் கட்டியதை மதியம் ஒன்றரைக்குத் திறக்கிறோம். எங்கள் பயணத்தில் ஒரு நாள் கோழியும் மயோனைஸும் வெயிலில் வண்டியின் பின்பக்கமே கிடந்துவிட்டன. அன்று ராத்திரி கணவருக்கு வயிறு கெட்டு, அடுத்த நாள் முழுவதும் கூடாரத்திலேயே படுத்துக்கிடந்தார். அன்றைக்குத்தான் மற்றவர்கள் காண்டாமிருகம் பார்த்தார்கள். வண்டியில் கூல் பாக்ஸ் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் கோழி, முட்டை, மயோனைஸ் எல்லாவற்றையும் காலையிலேயே முடித்துவிட்டு, மதியத்துக்குக் காய்ந்த பண்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஜோபர்க்வாசி, ஜனவரி 5

தென்னாப்பிரிக்கப் பக்கத்தையும் சொல்கிறேன். இங்கே நடப்பது வேறு மாதிரி. க்ரூகர் பூங்காவில் நம் காரை நாமே ஓட்டிப் போகலாம். தார்ச் சாலையில் 50, மண் சாலையில் 40 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. நடுநடுவே பிக்னிக் இடங்கள் இருக்கின்றன: ஷோக்வானே, ங்குஷ்லு, அஃப்சால், ம்லொண்டோசி. அங்கெல்லாம் காஸில் எரியும் ஸ்கொட்டல் வாடகைக்குத் தருவார்கள். அகலமான, நடுவில் லேசாகக் குழிந்த இரும்புத் தட்டு. இந்த ஊர்க்காரர்கள் அதில் முட்டை, பன்றி இறைச்சி, தக்காளி, சாசேஜ் எல்லாம் போட்டு வாட்டுவார்கள்.

நாங்கள் மாவு கொண்டுபோவோம். முந்தின நாள் அரைத்துப் புளிக்க வைத்த மாவு, ஐஸ் பெட்டியில். தட்டு குழிந்திருப்பதால் மெல்லிய தோசை வராது. மாவு நடுவில் தேங்கிக் கனமான ஊத்தப்பமாகத்தான் வரும். அதன்மேல் வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் தூவி, ஓரத்தில் எண்ணெய் விட்டு மூடிவைத்தால் அடி முறுகலாக, மேலே பஞ்சாக இருக்கும். ம்லொண்டோசியில் கீழே நீர்த்தேக்கம். மேட்டிலிருந்து பார்த்தால் நீர்யானைகள் முதுகு மட்டும் தெரியக் கிடக்கும். காலை ஒன்பது மணிக்கு அந்த ஊத்தப்பத்தை அங்கே நின்று சாப்பிட்டவன் வேறு எங்கேயும் காலைச் சாப்பாட்டைப் பற்றிப் பேச மாட்டான்.

ஒரு தடவை பக்கத்து மேசையில் டர்பனிலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பம். துணி சுற்றிய தவலையைத் திறந்தார்கள். ஆட்டு பிரியாணி, அவர்கள் சொல்வது 'பிரெயானி'. பருப்பு போட்டுச் செய்வது அவர்கள் வழக்கம். பாட்டிக்குத் தமிழ் பேச வரவில்லை. ஆனால் 'ரசம்', 'அப்பளம்' என்ற சொற்கள் அப்படியே இருந்தன. மதராஸிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி 1860 நவம்பரில் வந்து இறங்கியவர்களின் வழி. எங்கள் ஊத்தப்பம் இரண்டு அங்கே போயிற்று, ஒரு தட்டுப் பிரியாணி இங்கே வந்தது.

எச்சரிக்கை ஒன்று. இந்த இடங்களில் பலவற்றுக்கு வேலி கிடையாது. ங்குஷ்லு சாபி ஆற்றங்கரையில் நல்ல நிழலான இடம். குரங்குத் தொல்லையும் அங்கே அதிகம். மேசையில் சாப்பாட்டை வைத்துவிட்டுக் காருக்குப் போகவே கூடாது. ஒருவர் எப்போதும் மேசையோடு இருக்கவேண்டும்.

வல்லையூரான் (லண்டன்), ஜனவரி 6

தங்கச்சி, ங்கோரோங்கோரோ என்றபடியால் கட்டாயம் எழுத வேண்டி வந்தது.

போன வருடம் ஓகஸ்டில் போனோம். பள்ளத்துக்குள் ங்கொய்டொக்கிடொக் என்று ஒரு ஊற்று, பெரிய குளம், நீர்யானைகள், கரையில் மரம். அவ்வளவு வடிவான இடம். எல்லா வண்டிகளும் மதியத்துக்கு அங்கேதான் வந்து நிற்கும். வழிகாட்டி வண்டிக்குள் இருந்து சாப்பிடச் சொன்னார். என் மகனுக்குப் பதினொரு வயது, கேட்கவில்லை. கோழிக்காலோடு இறங்கிக் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்பக்கத்தால் பருந்து வந்தது. சத்தமே இல்லை. கோழிக்கால் போய்விட்டது. பிள்ளையின் பெருவிரலில் நகம் கிழித்து இரத்தம். காயம் சின்னதுதான், ஆனால் கொஞ்சம் மேலே பட்டிருந்தால் கண். இப்பவும் நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறும்.

மஞ்சள் அலகுள்ள பருந்து அது. நம் ஊர்க் கள்ளப்பருந்தின் நெருங்கிய சொந்தம். ஆட்கள் எப்போது பெட்டி திறப்பார்கள் என்று அதுகளுக்கு நன்றாகத் தெரியும். மேலே வட்டமிட்டுக்கொண்டே இருக்கும். ஆனபடியால் அந்த இடத்தில் மட்டும் வண்டிக்குள், கூரையையும் மூடிக்கொண்டு சாப்பிடுங்கள். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு வெறுங்கையோடு இறங்கிக் குளத்தைப் பாருங்கள்.

மலைக்கொன்றை (ஊட்டி), ஜனவரி 6

பருந்து சரி. ஆனால் எல்லாவற்றுக்கும் இவ்வளவு பயம் வேண்டுமா? செரெங்கெட்டி வாசலில், நாபி குன்றில், நீல முதுகும் செம்பழுப்பு வயிறுமாக மைனா அளவில் ஒரு பறவை மேசைக்கே வரும். எங்கள் பெண்ணின் கையருகில் வந்து ரொட்டித் துணுக்கு எடுத்தது. பயணத்திலேயே அவள் மிகவும் சந்தோஷமாக இருந்த நிமிடம் அது. ஒரு துணுக்கு ரொட்டியில் என்ன கெட்டுப்போகும்?

நைரோபிவாசி, ஜனவரி 6

உங்கள் மகளின் சந்தோஷம் எனக்குப் புரிகிறது. என் மகனும் அதே வயதில் அதைத்தான் செய்யப் பார்த்தான். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்கு அது ஒரு துணுக்கு. அந்த மேசையில் ஒரு நாளைக்கு எத்தனை வண்டி வந்து போகும் என்று எண்ணிப் பாருங்கள். பறவைக்குப் போடுவதைக் குரங்கு பார்க்கிறது. குரங்கு எடுப்பதைப் பபூன் என்கிற பெரிய குரங்கு பார்க்கிறது. வண்டி வந்தால் தீனி வரும் என்று ஒரு பபூன் கற்றுக்கொண்டால் அதை மறக்கவைக்க முடியாது. அடுத்து வருகிற குழந்தையின் கையிலிருந்து பிடுங்கும். கொடுக்காவிட்டால் கடிக்கும். அப்படி ஆள்மேல் பாயப் பழகிய விலங்கைக் கடைசியில் பூங்காக்காரர்களே சுடவேண்டி வருகிறது. தென்னாப்பிரிக்காவில் பபூன்களுக்கு இது நடந்திருக்கிறது. வல்லையூரான் மகனின் விரலைக் கிழித்த பருந்துக்கும் அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான்.

ஜிம்பாப்வேயில் மானா பூல்ஸ் பூங்காவுக்குள் ஆரஞ்சுப் பழம் கொண்டுபோகக் கூடாது. காரணம் யானை. ஆரஞ்சு வாசனை பழகிய யானைகள் அதற்காக வண்டியையும் கூடாரத்தையும் பிரித்துப்போட ஆரம்பித்தன. இவ்வளவு பெரிய உயிர், ஆற்றங்கரையில் உதிரும் 'ஆனா' என்ற மரத்தின் காய்களைத் தின்று நிம்மதியாக இருக்கவேண்டியது, நாம் கொண்டுபோன ஒரு பழத்தால் குற்றவாளி ஆகிறது. இதை நினைத்தால் எனக்குத் தாங்காது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பறவை கிட்ட வரட்டும். கையை அசைக்காமல் உட்கார்ந்து பார்க்கட்டும். அதற்கே எத்தனை தரம் வேண்டுமானாலும் போகலாம்.

மலைக்கொன்றை, ஜனவரி 7

சரி அண்ணா. இந்தக் கோணத்தில் நான் நினைத்துப் பார்க்கவில்லை. மகளையும் படிக்கச் சொன்னேன். "அப்போ அந்தப் பறவைக்கு ஒண்ணும் ஆகியிருக்காதே?" என்று கேட்டாள். ஆகியிருக்காது என்று சொல்லிவிட்டு, அடுத்த முறை கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

நொய்யல்கரை, ஜனவரி 7

எல்லோருக்கும் நன்றி. பெட்டி என்று முடிவு செய்துவிட்டோம். இன்னும் மூன்று கேள்வி. அம்மாவுக்குச் சோற்றுக்கு என்ன வழி? பிளாஸ்டிக் டப்பா கொண்டுபோகலாமா? அப்புறம், கேட்கக் கூச்சமாக இருக்கிறது, வழியில் பாத்ரூம்?

நைரோபிவாசி, ஜனவரி 7

சோற்றுக்கு: புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் கொண்டுபோங்கள். நல்லெண்ணெய் மிதக்கக் காய்ச்சியதாக இருக்கட்டும். ராத்திரியே லாட்ஜ் சமையலறையில் மறுநாளைக்கு 'வாலி' வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஸ்வாஹிலியில் வெந்த சோறு வாலி, அரிசி ம்செலே. 'பிலா ந்யாமா' என்றால் இறைச்சி இல்லாமல். காலையில் ஆறிய சோற்றில் அம்மாவே கலந்துகொள்ளட்டும். மதியம் வரைக்கும் தாராளமாகத் தாங்கும். பருப்புப் பொடி, வறுத்த வேர்க்கடலையும் எடுத்துக்கொள்ளலாம். பழம், காய், விதை எதுவும் ஊரிலிருந்து வேண்டாம். சப்பாத்தி கேட்டாலும் கிடைக்கும். கிழக்கு ஆப்பிரிக்காவில் அதன் பெயரே சப்பாத்திதான். இந்தியர்கள் விட்டுப்போன சொல் அது.

பிளாஸ்டிக்: தான்சானியாவில் 2019 ஜூன் முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. பெட்டியிலும் பையிலும் பார்த்து எடுத்துவிடுங்கள். கென்யாவில் 2020 ஜூன் முதல் பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் பாட்டில், தட்டு, ஸ்ட்ரா எதுவும் கூடாது. எவர்சில்வர் டப்பாவைப் போல வராது. மூடியில் கிளிப் இருக்கட்டும்.

பாத்ரூம்: பிக்னிக் இடங்களில் எல்லாம் இருக்கிறது, சுமாராகச் சுத்தமாகவே இருக்கும். நடுவழியில் என்றால் ஓட்டுநரிடம் 'குச்சிம்பா டாவா' என்று சொல்லுங்கள். மருந்துக்கு வேர் தோண்டப் போவது என்று அர்த்தம். தான்சானியாவில் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் மரியாதையாகச் சொல்வது அதுதான். அவர் இடம் பார்த்து நிறுத்துவார். கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் மட்டும் இருக்காதீர்கள். 67 வயதில் அது ஆபத்து.

வெண்கலக்கிண்ணி, ஜனவரி 7

தரங்கிரேயில் ட்செட்சே ஈ கடிக்கும். கருநீலமும் கறுப்பும் உடுத்தவேண்டாம், அந்த நிறங்களுக்குத்தான் வரும்.

நொய்யல்கரை, மார்ச் 2

திரும்பி வந்துவிட்டோம். எழுத வேண்டும் என்று விமானத்திலேயே நினைத்துக்கொண்டேன்.

தரங்கிரேயில் ஆற்றைப் பார்த்த மேட்டில் சாப்பாடு. கீழே யானைக் கூட்டம் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தது. எங்கள் முன்னால் வந்த குடும்பம் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுப் படம் எடுக்கத் திரும்பியது. வெர்வெட் குரங்கு ஒன்று வாழைப்பழத்தோடு மரத்தில் ஏறிவிட்டது. நாங்கள் ஜோபர்க் அண்ணா சொன்னபடி முறை போட்டுக்கொண்டோம். சுற்றிலும் பாவோபாப் மரங்கள். அம்மா ஒன்றைத் தொட்டுப் பார்த்தார்கள், மரம் வெயிலிலும் குளிர்ந்திருக்கிறது என்றார்கள்.

பள்ளத்தில் வண்டிக்குள்ளேயே, கண்ணாடியும் கூரையும் மூடிச் சாப்பிட்டோம். புழுக்கம்தான். மகள் கண்ணாடி வழியாகப் பருந்துகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பதினாலு.

ஆனால் நான் சொல்ல வந்தது ந்துட்டுவை. எரிமலைச் சாம்பல் படிந்து இறுகிய மண், மரம் வேர் பிடிக்காது. கண்ணுக்கு எட்டியவரை குட்டைப் புல். அந்தப் புல்லில் சத்து அதிகம் என்பதால்தான் வில்டபீஸ்ட் மாடுகள் (மானினம்தான், பார்க்க மாடு மாதிரி இருக்கும்) கன்று போட அங்கே வருகின்றனவாம். ஒளிந்துகொள்ள எதுவும் இல்லாத வெளி, அதனால் இறங்கலாம் என்றார் வழிகாட்டி. ஆனாலும் பைனாகுலரை வைத்து நாலு பக்கமும் வெகுநேரம் பார்த்தார். பிறகுதான் வண்டி நிழலில் சிவப்புக் கட்டம் போட்ட மசாய்ப் போர்வையை விரித்தார்.

அம்மா டப்பாவைத் திறந்தார்கள். புளிசாதத்தின் வாசனை காற்றில் போயிற்று. சுற்றிலும் மாடுகளின் முனகல், ஒரே சீராக, ஆயிரக்கணக்கில். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் ஒரு மாடு படுத்து எழுந்தது. பின்னால் ஈரமாக ஏதோ தொங்கியது. மகள்தான் முதலில் பார்த்தாள். கன்று விழுந்தது. எழுந்தது, முன்னங்கால் மடங்கி விழுந்தது, மறுபடி எழுந்தது. நாங்கள் நாலு பேரும் சோற்றைக் கையில் வைத்தபடியே இருந்தோம். சில நிமிடத்தில் நின்றுவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தாயோடு ஓடியது, கால்கள் நாலும் நாலு பக்கம் போக. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வீட்டில் மாடு வைத்திருந்தவர்கள் அவர்கள். கன்று எழும்வரை பக்கத்தில் விளக்கோடு உட்கார்ந்திருப்பார்களாம்.

வழிகாட்டிக்கும் ஒரு தட்டு கொடுத்தோம். ஒரு வாய் போட்டதும் நிமிர்ந்து, "உக்வாஜு?" என்று கேட்டார். ஸ்வாஹிலியில் புளிக்கு அதுதான் பெயராம். கடற்கரைப் பக்கம் அவர் பாட்டி வீட்டில் அதில் ஜூஸ் போடுவார்களாம். புளிய மரத்தின் பூர்வீகமே ஆப்பிரிக்காதான் என்று கணவர் அம்மாவிடம் சொன்னார். அம்மா நம்பவில்லை. டப்பாவைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், இன்னொரு கரண்டி வைத்தார்கள்.

சிந்திய பருக்கைகளை மகள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பா மூடியில் போட்டாள். யாரும் சொல்லவில்லை.

ஜோபர்க்வாசி, மார்ச் 2

பாட்டிலில் மீதி இருந்ததா?

நொய்யல்கரை, மார்ச் 3

பாதி இருந்தது. கடைசி நாள் விமான நிலையத்தில் அவரிடமே கொடுத்துவிட்டு வந்தோம். சூடான வாலியில் கலக்கவேண்டும், ஆறின பிறகு சாப்பிடவேண்டும் என்று அம்மா தமிழில் சொல்ல, மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். வேர்க்கடலையை மறக்கவேண்டாம் என்று கார் கிளம்பிய பிறகு அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. நேற்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருக்கிறோம்.